மூன்று துண்டு கேக்கும் ஐந்து ஷ்டைனாக்குகளும்

மாஸ்டர், நீங்கள் பொய் சொன்னீர்கள்.

போன மாதம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில், எழுபதுகளில் மெல்போர்ன் எப்படி இருந்தது என்று கதை சொல்ல மைக்கைப் பிடித்தீர்கள். பிடித்த மைக்கை விடுகிற பழக்கம் உங்களுக்கு எப்போதும் கிடையாது. கடைசியில் முன்வரிசையில் இருந்த என்னைக் கைகாட்டி, "இந்தத் தங்கச்சி லேசான ஆள் இல்லை. ஒரு ஜெர்மன்காரன்ர கலியாணத்தையே நிப்பாட்டின ஆள்" என்றீர்கள். மண்டபமே சிரித்தது. என் மகள் என் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா பண்ணே?" என்று கேட்டாள்.

அந்தக் கல்யாணம் நிற்கவில்லை. நடந்தது. நீங்கள் அதற்கு வந்தீர்கள். வந்து மூன்று துண்டு கேக் சாப்பிட்டீர்கள். நான் எண்ணினேன்.

மேடையில் ஏறி உங்களைப் போலப் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். ஆட்களின் சொந்தப் பெயர் ஒன்றையும் எழுதப் போவதில்லை. ஊர்ப் பெயர்களும் ஆற்றுப் பெயர்களும்தான் வரும். அவையே சில பேரின் குடும்பப் பெயராகவும் இருந்தால் அது என் குற்றமில்லை. கதையே அதுதான்.

நான் மெல்போர்னுக்கு வந்தது எழுபத்து நாலில். என் கணவர் கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை டைப்படிப்பது. கோயம்புத்தூரில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். விசையைப் பார்க்காமல் அடிப்பேன். அந்தத் தைரியத்தில் ரிச்மண்டில் இருந்த ஒரு பூகோளப் படக் கம்பெனிக்குப் போய் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் அடிக்க விட்டுப் பார்த்த மேனேஜர், நாளைக்கே வா என்று சொல்லிவிட்டார்.

அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அட்லஸ் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அட்லஸின் கடைசியில் ஊர்ப் பெயர்களை எல்லாம் அகரவரிசையில் போடுவார்கள் அல்லவா, அதற்கு அட்டை அடிப்பது என் வேலை. ஒரு பெயருக்கு ஓர் அட்டை. ஊர் என்றால் வெறும் பெயர். ஆறு என்றால் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. ஒரு நாளைக்கு இருநூறு அட்டை அடிப்பேன். பிரான்ஸ் ஒழுங்காகப் போனது. இத்தாலி ஒழுங்காகப் போனது. ஜெர்மனி வந்தது, எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது.

ஃபுல்டா என்று ஓர் ஊர் அடித்தேன். அடுத்த அட்டை ஃபுல்டா ஆறு. நாகோல்டு ஊர், நாகோல்டு ஆறு. சரி, ஆற்றங்கரையில் ஊர், ஊருக்கு ஆற்றின் பெயர், நம் பக்கமும் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு இல்மனாவ் வந்தது. ஊரும் இருந்தது, ஆறும் இருந்தது. ஆனால் அட்டையில் இருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்த்தால் ஊர் நாட்டின் நடுவில், ஆறு வடக்கே. அச்சுப் பிழை என்று முடிவு செய்து, நானே ஆற்றை இழுத்து ஊருக்குப் பக்கத்தில் வைத்து அட்டையைத் திருத்திவிட்டேன். மேனேஜர் அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார்.

"ஆத்தை நகர்த்தினது நீதானா?"

"ஊர் அங்க இருக்கே. ஆறு எப்படி இவ்வளவு தூரத்துல இருக்கும்?"

"அந்த ஊர் வேற ஆத்துமேல இருக்கு. இந்த ஆறு வேற ஊர் வழியா ஓடுது. ரெண்டுக்கும் ஒரே பேர், அவ்வளவுதான். திருப்பி வச்சிடு, வெள்ளம் வரப் போகுது."

ஆற்றைத் திருப்பி வைத்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. தேநீர் இடைவேளையில் டெலிபோன் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்தேன். நான் காலையில் அடித்த ஊர்கள் எல்லாம் மெல்போர்னில் வீடு வாங்கிக் குடியிருந்தன. ஒரு ஊர் பெண்டிகோ சாலைப் பக்கம் பிளம்பராக இருந்தது. ஓர் ஆறு பல் டாக்டராக இருந்தது. இரண்டு ஊர்கள் சேர்ந்து வக்கீல் ஆபீஸ் நடத்தின. எனக்குச் சிரிப்பு வந்து, வாயில் இருந்த பிஸ்கட் புரையேறி, பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து முதுகில் தட்டினார். அப்படித்தான் அவரோடு பேச்சு ஆரம்பித்தது.

அவர் படம் வரைகிறவர். ஆறுகள் எல்லாம் அவர் பொறுப்பு. நீல மையைத் தொட்டு மயிர் போல மெல்லிய கோட்டில் ஆறு விடுவார். முப்பது வயதுக்குப் பக்கத்தில் இருப்பார். ஜெர்மன்காரர். சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, சின்னப் பிள்ளையாக, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் வந்தவர். அம்மா அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். அப்பா இங்கே வந்து பத்து வருஷத்தில் போய்விட்டார். வேறு ஆளில்லை. அவருடைய குடும்பப் பெயர் ஷ்டைனாக்.

இரண்டு நாள் கழித்து ஷ்டைனாக் என்று அட்டை அடிக்கும் முறை வந்தது. நான் எழுந்து போய் அட்டையை அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தேன்.

"உங்க ஊர் வந்திருச்சு."

"எனக்கு ஊர் எதுன்னு தெரியாது" என்றார், கோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "தெற்கே, மலைப்பக்கம், ஆத்தோரம், அப்படின்னு அப்பா சொல்வார். அவ்வளவுதான்."

"தெரியாதுன்னா? பேர்லயே இருக்கே."

"அது பேர். ஊர் இல்லை."

எங்கள் பக்கத்தில் ஒரு ஆளின் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து இருந்தால் முதல் எழுத்து ஊர், இரண்டாவது அப்பா. கேட்கவே வேண்டாம். எழுத்தைப் பார்த்தவுடன், எந்த ஊர் என்று விசாரித்து, அந்த ஊரில் நமக்குத் தெரிந்த ஆள் யார் என்று கண்டுபிடித்து, இரண்டு நிமிடத்தில் உறவு கொண்டாடிவிடுவோம். பெயரில் முழு ஊரையே வைத்துக்கொண்டு ஊர் தெரியாது என்று ஒருவர் சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எனக்கே அப்போது அப்படி ஒரு பெயர்தான் இருந்தது. என் கணவரின் முதல் எழுத்து கானா. அது கல்லாறு, மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையடிவாரம். பாஸ்போர்ட்டுக்காக எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். விரித்து எழுதினார். இங்கே இறங்கியதும் அதுதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். கம்பெனியில் நான் மிஸஸ் கல்லாறு.

"உங்க பேருக்கு என்ன அர்த்தம்?" என்று அவர் கேட்டார், பேச்சை மாற்ற.

"கல்லு. ஆறு. கல்லு நிறைஞ்ச ஆறு."

பேனாவை வைத்துவிட்டார். என்னையே பார்த்தார்.

"ஷ்டைன்னா கல்லு. ஆக்ன்னா ஓடுற தண்ணி."

இதை இப்போது எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேனேஜர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஒரு ஜெர்மன்காரரும் கோயம்புத்தூர்க்காரியும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஒரே அறையில் ஆறு மாதம் குட்மார்னிங் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அன்றிலிருந்து அவர் என்னைச் சொந்தக்காரி என்றுதான் கூப்பிட்டார். டீ போட்டால், "சொந்தக்காரிக்கு ரெண்டு சர்க்கரை" என்பார்.

எங்கள் அறையில் அட்டைகளை அடுக்குகிற ஓர் இத்தாலியப் பெண் இருந்தாள். அவளுக்கும் அவருக்கும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அவளுடைய அம்மாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளைக்கு முன்னும் பின்னும் ஆள் இல்லாததுதான் பிடிக்கவில்லை. சர்ச்சில் பாதிரியார் வேறு ஒன்று கேட்டார். எந்தச் சர்ச்சில் ஞானஸ்நானம் கொடுத்தார்களோ அந்தச் சர்ச்சிலிருந்து புதிதாக எழுதி வாங்கிய தாள் வேண்டும். அதில்தான் இவர் வேறு எங்கும் கல்யாணம் செய்யவில்லை என்று தெரியும். அந்தத் தாள் இல்லாமல் கல்யாணம் இல்லை. அம்மாக்காரியும் அதைப் பிடித்துக்கொண்டாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஆரம்பித்தால் சர்ச்சில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதற்கு முன்னால் தாள் வந்தாக வேண்டும் என்று நாள் குறித்தார்கள்.

எந்தச் சர்ச் என்று தெரிந்தால்தானே எழுத. அவருக்கு ஊரே தெரியாது. அந்தப் பெண் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்து அட்டை அடுக்கினாள். கே எழுத்துக்குள் எம் எழுத்தைப் போட்டாள்.

நான்தான் சொன்னேன். "ஷ்டைனாக்குக்கு எழுதுங்க. நான் அடிச்சுத் தர்றேன்."

இந்த இடத்தில்தான் நீங்கள் வருகிறீர்கள், மாஸ்டர்.

உங்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பூகோளம் படிப்பித்தவர். இங்கேயும் ஒரு பள்ளியில் அதையே செய்தவர். கிளேட்டனில் எங்களுக்கு மூன்றாவது வீடு. அந்தத் தெருவில் கார் வைத்திருந்த ஒரே தமிழர். சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு வடைக்கு வருவீர்கள். அன்றைக்கு நான் இந்த விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"பேரிலை ஊர் இருந்தா அவன் அந்த ஊரிலை பிறந்தவன் எண்டு ஆர் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"முதலெழுத்து ஊர் எண்டு போடுறது உங்கட பக்கத்துப் பழக்கம், தங்கச்சி. எங்களுக்குத் தகப்பன்ர பேர் மட்டும்தான். ஜெர்மன்காரன் உங்கட பழக்கத்தைக் கேட்டுத்தான் பேர் வச்சவனோ?"

"ஆத்தோரம்னு அவங்க அப்பாவே சொல்லியிருக்கார், மாஸ்டர்."

"ஓம். கல்லாறும்தான் ஆத்தோரம். எங்கட மட்டக்களப்புப் பக்கமும் ஒரு கல்லாறு இருக்கு. நீர் எந்தக் கல்லாற்றிலை பிறந்தனீர்?"

நான் பிறந்தது சிங்காநல்லூர். கல்லாற்றை ரயிலில்கூடப் பார்த்ததில்லை. என் கணவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு உங்களுக்கு இரண்டாவது டீ தரவில்லை. நினைவிருக்கும்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், எங்கள் அட்லஸில் ஒரு ஷ்டைனாக்தான். ஆனால் சரிபார்க்க வைத்திருந்த பெரிய ஊர்ப்பெயர்ப் புத்தகத்தில் இருப்பதோ ஐந்து. ஒன்று கிழக்கு ஜெர்மனியில். இரண்டு மேற்கு ஜெர்மனியில். ஒன்று ஆஸ்திரியாவில். ஒன்று சுவிட்சர்லாந்தில். இந்த ஐந்தில் கிழக்கு ஜெர்மனி ஷ்டைனாக்கின் நடுவே ஷ்டைனாக் என்றே ஓர் ஆறு ஓடியது. ஆறும் ஊரும் ஆளும் ஒரே பெயர். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இல்மனாவ் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை நான் மறந்துவிட்டேன். அந்த ஊர் தெற்கே இல்லையே என்று அவர் சொன்னார். மலை இருக்கிறதா, ஆறு இருக்கிறதா, பேசாமல் கடிதத்தைச் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன் என்றேன்.

அவர் ஜெர்மனில் சொல்லச் சொல்ல ஒரு சொல்லும் புரியாமல் அடித்தேன். எங்கள் மிஷினில் அவர்களுடைய இரட்டைப் புள்ளி எழுத்துகள் கிடையாது. எழுத்தை அடித்து, ஓரிடம் பின்னால் தள்ளி, உருளையைக் கொஞ்சம் கீழே திருப்பி, மேலே மேற்கோள் குறியை அடித்தால் இரண்டு புள்ளி மாதிரியே இருக்கும். கம்பெனி உறையில் போட்டு விமானத் தபாலில் அனுப்பினோம்.

ஐந்து வாரம். தினம் காலையில் மூன்று பேரும் தபால் பையைச் சுற்றி நின்றோம். கடைசியில் மெல்லிய காகிதத்தில் பதில் வந்தது. அவர் படித்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அந்தப் பெண் ஓடிவந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவங்க லூத்தரன்காரங்க. பாதிரியார் எழுதியிருக்கார். இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையாம். கத்தோலிக்கரும் அனேகமா இல்லையாம். கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கார்."

அவள் சிரிக்கவில்லை. தவக்காலத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. குறித்த நாள் போயிற்று. இதைத்தான் நீங்கள் மேடையில் சொன்னீர்கள். என் பிடிவாதத்தால் நாள் தள்ளிப்போனது. ஒப்புக்கொள்கிறேன், அன்றும் ஒப்புக்கொண்டேன். அவளுடைய அம்மா கம்பெனி வாசலுக்கே வந்து, என்னைக் காட்டி இத்தாலிய மொழியில் ஐந்து நிமிடம் பேசினாள். மகளிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "உங்களுக்கு நல்ல டைப்பிங் வேகம்னு சொல்றாங்க" என்றாள். தள்ளிப்போவது வேறு, நிற்பது வேறு, மாஸ்டர். பூகோளம் படிப்பித்தவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டும்.

அடுத்த நாளே முதல் கடிதத்தின் நகலைப் பார்த்து மீதி நாலு ஷ்டைனாக்குக்கும் ஒரே மூச்சில் அடித்தேன். கத்தோலிக்கப் பாதிரியார், ஷ்டைனாக் என்று மட்டும் விலாசம். அவசரத்தில் நாலு கடிதத்திலும் "ஜெர்மனியில் உள்ள தங்கள் ஊர்" என்றே அடித்துவிட்டேன்.

முதலில் வந்தது சுவிட்சர்லாந்து. அது எங்கள் கையில் வரவில்லை. கம்பெனி உறை என்பதால் மேனேஜரின் மேசைக்குப் போய்விட்டது. நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் ஷ்டைனாக் ஜெர்மனியில் இல்லை, சுவிட்சர்லாந்தில் இருக்கிறது, பூகோளப் படம் தயாரிக்கிற ஒரு கம்பெனிக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. மேனேஜர் அதை அறை நடுவில் நின்று உரக்கப் படித்தார்.

"யாரு இது?"

மூன்று பேரும் கையைத் தூக்கினோம். எங்கள் கதையைக் கேட்டார். வேலை போயிற்று என்று நான் பையை எடுத்துக்கொண்டேன்.

"உட்காரு. இன்னும் எத்தனை ஷ்டைனாக் பாக்கி இருக்கு?"

"மூணு."

"வந்தா எனக்கும் காட்டுங்க" என்றார். அதன் பிறகு தபால் பையைச் சுற்றி நாலு பேர் நின்றோம்.

ஆஸ்திரியாவிலிருந்து வந்த பதிலில், இரண்டு தலைமுறைக்கு முந்தைய ஏட்டைக்கூடத் தேடியும் அப்படி ஒரு குடும்பம் இல்லை என்று இருந்தது. மேற்கு ஜெர்மனியில் ஒரு ஷ்டைனாக் பதிலே போடவில்லை. கடைசி ஷ்டைனாக்கின் பாதிரியார் கையால் எழுதியிருந்தார், இரண்டு பக்கம். வயதான கை, எழுத்து நடுங்கியிருந்தது. எங்கள் ஆள் அதை வரி வரியாகப் படித்து எனக்குச் சொன்னார். இன்றும் எனக்கு மனப்பாடம்.

ஷ்டைனாக்கில் போய் ஷ்டைனாக் என்ற ஆளைத் தேடாதீர்கள் என்று ஆரம்பித்திருந்தார். இந்த ஊரில் இருக்கிறவனை இந்த ஊரின் பெயரால் யார் கூப்பிடுவார்கள், எல்லோரும்தான் இந்த ஊர். ஊரை விட்டுப் போனவனைத்தான், போன இடத்தில், அதோ ஷ்டைனாக்காரன் என்பார்கள். அப்படிப் போனவர்கள் குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்று வீடு இருக்கிறார்கள். எப்போது போனார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அந்தக் கிராமத்துப் பாதிரியார் என் சீட்டாட்டக் கூட்டாளி. உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் ரயிலில் கிளேட்டனுக்குப் போகும்போது ஓக்லி ஸ்டேஷனில் எனக்கு உறைத்தது. கல்லாற்றில் யாரும் கல்லாறு இல்லை. வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கணவரிடம் கேட்டேன்.

"உங்க தாத்தாவைக் கல்லாத்துல என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?"

"கல்லாத்துல இருந்தப்ப சும்மா பேரைச் சொல்லித்தான். கோயமுத்தூர் மில்லுக்கு வந்தப்புறம்தான் கல்லாத்துக்காரர். ஏன்?"

"நீங்க கல்லாறு போயிருக்கீங்களா?"

"ஊட்டிக்குப் போறப்ப ரயில் நிக்கும். பழம் வாங்கியிருக்கேன்."

அவர் பழம் வாங்கிய ஊர்தான் என் பாஸ்போர்ட்டில் என் குடும்பம். சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன். ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் தாள் வந்தது. அந்தச் சின்னக் கிராமத்து முத்திரையோடு. அப்பா பெயர், அம்மா பெயர், ஞானஸ்நானம் கொடுத்த நாள், எல்லாம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. எங்கள் ஆள் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்ததைவிட ஒரு வயது மூத்தவர். அவருடைய அப்பா கப்பலில் ஏறும்போது அவசரத்தில் தப்பாகச் சொல்லியிருக்கிறார். அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அம்மாவின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை எழுத்தில் அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லையாம். பிறகு அந்தப் பெண், "ஒரு வருஷம் கிழவனாயிட்டே, எனக்கு வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான், மறுபடியும் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் கடைக்கு ஆள் அனுப்பி, விட்டுப்போன பிறந்தநாளுக்கு என்று ஒரு டஜன் பன் வாங்கிவரச் செய்தார்.

அந்தக் கிராமத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. டெலிபோன் புத்தகத்தில் பார்த்தேன். அது யாரோ ஒருவரின் பெயராக பாக்ஸ் ஹில்லில் குடியிருக்கிறது.

இப்போது கல்யாணம். நன்றாகக் கேளுங்கள், மாஸ்டர்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை. எங்களிடம் கார் இல்லை. நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள். "நானும் உள்ளுக்கு வாறன், ஒருக்கா பாத்துப்போட்டுப் போவம்" என்றீர்கள். சர்ச் முடிந்து மண்டபத்துக்குப் போனோம். பெண் வீட்டு ஆட்கள் நூற்றைம்பது பேர். மாப்பிள்ளை வீட்டுக்கென்று மேடைக்குப் பக்கத்தில் பெரிய வட்ட மேசை போட்டு, பூ வைத்து, நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உட்கார ஒரு ஆள் இல்லை. பெண்ணின் அம்மா அந்தக் காலி மேசையைப் பார்த்தாள். அவள் முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்த்தேன். ஊரெல்லாம் கூட்டி வைத்து, மாப்பிள்ளைக்கு ஆளில்லை என்று எல்லோருக்கும் தெரியப் போகிறது.

மாப்பிள்ளை எழுந்து வந்தார். என் கையைப் பிடித்து அந்த மேசைக்குக் கூட்டிப்போனார். மாமியாரிடம் என்னைக் காட்டி, "இவங்க என் சொந்தம். ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேர், அவங்க பாஷையில" என்றார். மகள் அதை மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் என் புடவையைப் பார்த்தாள், நிறத்தைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் பொன்னிற முடியைப் பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். வாசலில் என்னைத் திட்டின அதே வாய்.

என் கணவர் உட்கார்ந்தார். மேனேஜர் தன் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். ஒரு நாற்காலி மீதி இருந்தது. நீங்கள் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் கூப்பிடவில்லை. நீங்களாக வந்தீர்கள்.

"இதிலை ஆரும் இருக்கினமோ?"

"இது மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களுக்கு, மாஸ்டர்."

"ஓம், தெரியுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள்.

கேக்கை வெட்டியதும் மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். உங்களுக்கு ஒரு துண்டு. பெண்ணின் மாமா ஒருவர் வந்து உங்கள் கையைக் குலுக்கி, மாப்பிள்ளையின் பெரியப்பாவா என்று கேட்டார். நான் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இல்லை என்று சொல்லவில்லை. "லோங் ஜேர்னி" என்றீர்கள். அவர் கண்கலங்கி, உங்களுக்கு இரண்டாவது துண்டு வைத்தார். மூன்றாவதை நீங்களே எடுத்தீர்கள். வந்தவர்களுக்கெல்லாம் வலைத்துணியில் கட்டிக் கொடுத்த சர்க்கரைப் பாதாமில் இரண்டு முடிச்சு உங்கள் கோட் பையில் போயிற்று. திரும்பி வரும்போது வழி முழுக்க நாங்கள் சிரித்தோம். டாண்டினாங் சாலையில் ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் நீங்கள் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் ஹார்ன் அடித்தார்கள், சிரிப்பில் உங்களுக்குக் கியர் போட வரவில்லை. அன்றைக்கு உங்களை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் இப்போது இவ்வளவு கோபம்.

நீங்கள் சொன்னதில் பாதி சரி. பெயரில் ஊர் இருந்தால் அவன் அங்கே பிறந்தவன் இல்லை. சரி. ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் நான் ஒரு கடிதமும் அடித்திருக்க மாட்டேன். கடிதம் இல்லையென்றால் அந்தக் கிழவர் இல்லை, சீட்டாட்டக் கூட்டாளி இல்லை, தாள் இல்லை, கல்யாணம் இல்லை. நான் தப்பான ஊருக்கு எழுதியதால்தான் சரியான ஊர் கிடைத்தது. அவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்யாணத்தை நிறுத்தினவள் என்று என் மகளுக்கு முன்னால் என்னைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

வீட்டுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்க வேண்டாம். எடுக்க மாட்டேன். பொங்கல் விழாவுக்கு அதே மண்டபம்தான், அதே மைக்தான், அதே ஆட்கள்தான். என் மகளும் வருவாள். மேடையில் ஏறி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தக் கல்யாணம் நடந்ததா, இல்லையா? நடக்கவில்லை என்றால், அன்றைக்கு நீங்கள் யாருக்குப் பெரியப்பாவாக உட்கார்ந்து மூன்று துண்டு கேக் சாப்பிட்டீர்கள்?